கெட்டுப்போன சத்தத்தின் விலை

எனக்குத் தெரிந்த முதல் பெடல் சைக்கிள் பெடல்தான். 1990 இலிருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்த சாமான்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லில் சாய்த்துவிட்டு ஒருவர் மிதிப்பார். மற்றவர்கள் சுற்றிவர இருந்து றேடியோ கேட்பார்கள். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவருடைய குரலும் களைத்துப்போகும். அந்த நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொக்குவிலில் ஒரு றேடியோ திருத்துகிற கடையில் போய் நிற்பேன். சம்பளம் இல்லை. பின்னேரத்தில் ஒரு பிளேன்ரீ. மற்றப்படி பழைய பலகைகளில் இருந்து ரான்சிஸ்ரர் கழற்றுகிற வேலை.

அந்தக் கடையில் படித்தது முப்பது வருடம் கழித்து லண்டனில், அதுவும் கிற்றார் விசயத்தில் உதவும் என்று நான் நினைக்கவில்லை.

போன வருடம் ஆவணி மாதம். ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை இருக்கும். கடைசி மேசையும் எழும்பிவிட்டது, முதலாளியும் போய்விட்டார். நான் கொத்துரொட்டித் தட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்க, மருமகன் பின்கதவால் வந்தான். அக்காவின் மகன். 2010 இல் ஐந்து வயதில் அக்காவோடு வந்து சேர்ந்தவன். அத்தான் வரவில்லை. அதைப்பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஒரு தோளில் கிற்றார், மற்றக் கையில் பழந்துணியால் சுற்றிய ஒரு சாமான். விரித்தான். தோசைக்கல்லுப்போல வட்டமாக, கனமாக, சாம்பல் நிறத்தில் ஒரு இரும்பு. மேலே கண்கள்போல இரண்டு குமிழ், நடுவில் மூக்குப்போல ஒரு அமத்துற சுவிச், கீழே சிரிக்கிற வாய்போல வளைந்த எழுத்து.

"மாமா, இது ஒரிஜினல் ஃபஸ் ஃபேஸ். அறுபதுகளில செய்ததாம். ஆள் இதைத் தந்திட்டு என்ர கிற்றாரைக் கேக்கிறார். நேருக்கு நேர் மாத்து. காசு இல்லை."

ஆள் என்பது வியாழக்கிழமைகளில் ஒரு பப்பில் புளூஸ் வாசிக்கிற, அறுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனிசன்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வாசித்துப் பார் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கிற்றார் யப்பானில் செய்த ஃபெண்டர் ஸ்ராற்றோகாஸ்ரர். பழையதுதான். 2021 இல் இவன் பரீட்சை சித்தியடைந்ததற்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காமல் நின்ற காசு. அதை நான் சொல்லிக்காட்டவில்லை. (சொல்லிக்காட்டாமல் இருப்பதும் ஒருவகைச் சொல்லிக்காட்டல்தான் என்று அக்கா சொல்லுவா.)

"நீ கேட்டுப் பாத்தியோ?"

"பாத்தன். நேற்று இரவு அறையில வாசிச்சன். அழுகுது மாமா. இஞ்ச கேளுங்கோ."

தன் சின்ன அம்பிளிபயரைக் குசினி மேசையில் வைத்துக் கேபிளைக் குத்தி வாசித்தான். அழவில்லை. மூச்சிழுப்புக்காரன் இருமுவதுபோல ஒரு சத்தம். சுரம் தொடங்கி அரைவழியில் அறுந்துபோகிறது. அவனுடைய முகமும் விழுந்துவிட்டது.

எனக்கு முகம் மலர்ந்தது. ஏன் என்று சொல்லமுதல், இந்த இரும்பு எப்படி வந்தது என்ற கதையைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் இப்படியான சாமானுக்கு விலை மதிக்க ஏலாது.

ஃபஸ் என்பது கெட்டுப்போன சத்தம். அம்பிளிபயரின் வேலை சின்னச் சத்தத்தை அப்படியே பெரிதாக்குவது. அளவுக்கு மிஞ்சித் தள்ளினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுப்போகும். அந்த வெட்டுத்தான் கரகரப்பு. எஞ்சினியர்மார் அதைத் துரத்துவதற்கே சம்பளம் வாங்கினார்கள். பாட்டுக்காரர்கள் அதையே தேடித் திரிந்தார்கள். 1951 இல் ஐக் ரேர்னரின் குழு மெம்பிசுக்குப் பாட்டுப் பதிய வந்தபோது வழியில் அம்பிளிபயர் பழுதாகி, கிழிந்த ஸ்பீக்கருக்குள் கடதாசி அடைந்து சமாளித்ததாகச் சொல்வார்கள். 'ரொக்கற் 88' என்ற அந்தப் பாட்டு பெரிய வெற்றி. 1958 இல் லிங்க் ரேய் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1964 இல் இதே லண்டனில் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன அம்பிளிபயரின் ஸ்பீக்கரைச் சவர அலகால் வெட்டி வாசித்தார்.

ஒவ்வொருதரமும் ஒரு ஸ்பீக்கரைப் பலிகொடுக்க முடியுமோ? பழுதைப் பெட்டியில் அடைக்கலாம் என்ற யோசனை அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் வந்தது. மார்ட்டி ரொபின்ஸ் என்ற பாடகருக்கு ஒரு பாட்டுப் பதிவாகிறது. கிறேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிற்றார், ஒலிப்பதிவு மேசையில் பழுதான ஒரு வழியால் போனதால் வண்டுபோல இரைந்தது. திரும்பப் பதியாமல் அப்படியே விட்டார்கள். 1961 இல் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. பிறகு அந்த மேசையின் பழுது முற்றி, அந்தச் சத்தமும் இல்லாமல் போனது. ஆனால் மற்றவர்கள் வந்து எங்களுக்கும் அது வேணும் என்று கேட்டார்கள். எஞ்சினியர் கிளென் ஸ்னொடி நண்பர் ஒருவரோடு சேர்ந்து மூன்று ரான்சிஸ்ரர் வைத்து அந்தப் பழுதை வேண்டுமென்றே செய்கிற ஒரு சுற்றை அமைத்து கிப்சன் கொம்பனிக்குக் கொடுத்தார். 1962 இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-ரோன்' கடைக்கு வந்தது. முதலில் ஒருவரும் வாங்கவில்லை. 1965 இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் ரிச்சட்ஸ், 'சற்றிஸ்பக்சன்' பாட்டில் பிறகு ஊதுகுழல்கள் வந்து வாசிக்கவேண்டிய இடத்தைத் தற்காலிகமாக நிரப்ப அதை மிதித்தார். ஊதுகுழல் வரவேயில்லை. அந்தப் பதிவே வெளியாகி, கடைகளில் தூசி பிடித்துக் கிடந்த பெட்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

அமெரிக்கச் சாமான் லண்டனில் கிடைப்பது அருமை, விலையும் கூட. ஆகவே லண்டன்காரர் தாங்களே செய்தார்கள். 1965 இல் கேரி ஹேர்ஸ்ட் என்பவர் ரோன் பெண்டர் என்ற பெட்டியைச் செய்தார். மக்காரி சகோதரர்களின் கடை அதை விற்றது. அதன் ஒரு மாதிரியில் மூன்று ரான்சிஸ்ரருக்குப் பதிலாக இரண்டுதான். கிட்டத்தட்ட அந்தச் சுற்றையே எடுத்து 1966 இல் ஐவர் ஆபிற்றர் என்ற வியாபாரி வட்ட இரும்புக்குள் போட்டார். அதுதான் ஃபஸ் ஃபேஸ். வட்டம் எங்கிருந்து வந்தது என்றால், மைக் ஸ்ராண்டின் அடிப்பாகத்தைப் பார்த்து வந்த யோசனையாம். ஆபிற்றர் சாதாரண ஆள் இல்லை. 1963 இல் அவருடைய மேளக்கடையில்தான் பீற்றில்ஸ் குழுவின் பெயர், ரி எழுத்து மட்டும் கீழே நீண்டு தொங்குகிற அந்த வடிவத்தில், முதன்முதலாக மேளத்தில் எழுதப்பட்டது. வாசிக்கிற பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தால் கண் போகும் என்று தெரிந்த மனிதர்.

அதே 1966, செப்ரெம்பர் 24. ஜிமி ஹென்றிக்ஸ் லண்டனில் வந்து இறங்குகிறார். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்.

உள்ளுக்குள் என்ன இருக்கிறது? இரண்டு ரான்சிஸ்ரர், நாலு றெசிஸ்ரர், மூன்று கொண்டென்சர். இரண்டு குமிழுக்கு இரண்டு கொன்ரோல், ஒரு சுவிச், ஒன்பது வோல்ட் பற்றரி. அவ்வளவுதான். ஊர்க் கடையில் நான் கழற்றிய றேடியோ ஒன்றில் இதைவிட மூன்று மடங்கு சாமான் இருக்கும். அப்படியென்றால் தொடப்படாத பழைய ஃபஸ் ஃபேஸ் ஒன்று ஏன் ஆயிரம் பவுணுக்கு மேல் போகிறது?

பழசு என்பதால் மட்டும் இல்லை. ஆரம்பத்தில் வந்தவை ஜேர்மானியம் ரான்சிஸ்ரர். அதிகம் பேசப்படுவது என்.கே.ரி 275. இங்கிலாந்தில் நியூமார்க்கற் என்ற ஊரில் செய்தது. அந்த ஊர் உலகத்துக்குத் தெரிவது குதிரைப் பந்தயத்தால். ஜேர்மானியம் நோஞ்சான் பிள்ளை மாதிரி. அதற்குள் வேண்டாத மின்னோட்டம் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு பத்துப் பாகை ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஊரில் சித்திரை வெயிலில் பழைய றேடியோக்கள் மத்தியானத்தில் குளறத் தொடங்கும். கடைக்கார அண்ணர் ரான்சிஸ்ரரை விரலால் தொட்டுப் பார்த்து, "இவருக்குக் காய்ச்சல்" என்பார். ஈரத்துணியை வைத்தால் கொஞ்ச நேரத்துக்குச் சுகமாகும். எங்கள் கையில் அதிகம் பட்டது ஏ.சி 128, நீட்டுத் தகரக் குழாய் மாதிரி. அதற்கு முந்தியது ஓ.சி 71, கறுப்பு மை பூசிய கண்ணாடிக் குழாய். மையைச் சுரண்டினால் வெளிச்சம் பட்டவுடன் மின்னோட்டம் கூடும். பதின்மூன்று வயதில் அதைக் கண்ட சந்தோசம், பிறகு யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் அதன் சமன்பாட்டைப் படித்தபோது வரவில்லை. இரண்டாம் வருடத்தோடு அதுவும் நின்றுபோனது.

தொழிற்சாலைக்காரருக்கு இந்தக் காய்ச்சல்காரனோடு மாரடிக்க விருப்பமில்லை. சிலிக்கன் மலிந்ததும் அதற்கு மாறினார்கள். ஃபஸ் ஃபேசும் 1960களின் கடைசியில் பி.சி 108, பி.சி 183 போன்ற சிலிக்கனுக்கு மாறியது. சூடு தாங்கும், சத்தமும் கூட, ஆனால் கூர்மை. ஹென்றிக்சும் 1969 அளவில் சிலிக்கனைத்தான் மிதித்தார். ஜேர்மானியம்தான் மேல் என்று சண்டை பிடிக்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

இங்கேதான் விசயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த இரும்பைப் பூட்டியவர்கள் ஒவ்வொரு ரான்சிஸ்ரரையும் அளந்து பார்த்து, சோடி சேர்த்துப் போடவில்லை. பெட்டியில் கைவிட்டு வந்ததைப் போட்டார்கள். ஒன்றின் பெருக்கம் எழுபது என்றால் அடுத்ததின் பெருக்கம் நூற்றைம்பது. கசிவும் அப்படியே. ஆகவே அந்த நாளிலேயே பத்து வாங்கினால் ஒன்றிரண்டு தேன், மிச்சம் ஈக்கூட்டம். ஹென்றிக்சோடு வேலை செய்த ரோஜர் மேயர் (கடற்படை ஆய்வுகூடத்தில் சத்த அதிர்வு ஆராய்ந்தவர்) இந்தப் பெட்டிகளைத் திறந்து உறுப்புகளை மாற்றிமாற்றிச் சரிப்படுத்திக் கொடுத்தார். ஆகவே '1966 சாமான்' என்பதில் மட்டும் சத்தத்துக்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. கையில் இருக்கிற இந்த ஒன்று எப்படி என்பதுதான் கேள்வி.

எல்லாப் பழைய பெடலும் இப்படி இல்லை. யப்பானில் 1979 அளவில் வந்த ரியூப் ஸ்கிறீமர் 808 ஐ எடுங்கள். அதற்குள் இருக்கிற 4558 என்ற சிப்பைச் சாமிபோலக் கும்பிடுகிறார்கள். சில்லறைக் காசுக்குக் கிடைத்த சாதாரண சிப் அது. 808 க்கும் பின்னால் வந்த ரி.எஸ் 9 க்கும் வெளியேறுகிற இடத்தில் இரண்டு றெசிஸ்ரர்தான் முக்கிய வித்தியாசம். கொம்பனியே 2004 இல் 808 ஐத் திரும்பச் செய்து விற்கத் தொடங்கியது. அதில் பழையதுக்குக் கூடக் கொடுக்கிற காசு காலத்துக்குக் கொடுக்கிற காசு, காதுக்கு இல்லை. பில் ஃபின்னெகன் 1994 இலிருந்து ஏறத்தாழ எண்ணாயிரம் செய்த குளோன் சென்ரோர் பெடலின் விலையைப்பற்றி நான் வாய் திறக்கவில்லை. உள்ளே பார்க்க ஏலாதபடி பிசின் ஊற்றி மூடினார். மூடியதைப் பார்த்தே பாதி விலை ஏறியது என்று நினைக்கிறேன்.

சரி, குசினிக்கு வருவோம்.

அந்த இருமலைக் கேட்டு எனக்கு ஏன் முகம் மலர்ந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். ஆவணி மாதம், கொத்துத் தட்டு இன்னும் கொதிக்கிறது, குசினிக்குள் முப்பத்தைந்து பாகைக்குக் குறையாது. சிலிக்கன் இதைக் கணக்கெடுக்காது. இவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே ஜேர்மானியம்.

குளிர் அறைக் கதவடியில் வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோய் வைத்தேன். உள்ளுக்குள் வைக்கவில்லை, ஈரம் பிடித்துவிடும். இருபது நிமிடத்தில் மிச்சப் பாத்திரங்களைக் கழுவி முடித்தோம். பிறகு பின்முற்றத்தில் கொண்டுபோய் மெல்லமாக வாசிக்கச் சொன்னேன். அவன் சொன்னது சரி. அழுதது. கிற்றாரின் வொலியூம் குமிழை ஏழுக்குக் குறைக்கச் சொன்னேன். கரகரப்பு எல்லாம் இறங்கி, மணி அடித்ததுபோலத் தெளிவாக வந்தது. நல்ல ஜேர்மானியம் ஃபஸ்சுக்கு இதுதான் என்னுடைய பரீட்சை. முழுக்கத் திறந்தால் எல்லாம் கத்தும். குறைத்தால்தான் குணம் தெரியும். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். கிற்றாரில் இருந்து நேரே இதற்குள் போகவேண்டும். நடுவில் வேறு பெடல் இருந்தால் இந்தக் குணம் வராது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் சமாதானமாக இருந்திருக்கும். ஆனால் நான் திருகாணியைக் கழற்றினேன்.

உள்ளே கபில நிறப் பழைய பலகை. வெளியில் எல்.ஈ.டி விளக்கு இல்லை, அடப்ரர் குத்துகிற ஓட்டை இல்லை. இரண்டும் பழையதுக்கு இருக்கவே கூடாது, அந்தமட்டில் சரி. 1980களில் ஒருதரமும் 1993 இலிருந்து டன்லப் கொம்பனியாலும் திரும்பச் செய்யப்பட்டவை இருக்கின்றன. அவற்றின் பலகை இது இல்லை. ஒரு ரான்சிஸ்ரரில் என்.கே.ரி 275 என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதன் காலடியில் பற்றாசு அறுபது வருடத்துத் தூசியோடு, பலகையின் மற்ற இடங்களைப்போலவே இருந்தது. எழுத்தை மட்டும் நான் நம்புவதில்லை. எழுத்தை யாரும் அடிக்கலாம். தூசியை அடிப்பது கஷ்டம்.

மற்றது எழுத்தே இல்லாத ஒரு தகரக் குழாய். கால் நீளம். காலடியில் பற்றாசு மங்கி, மணல்மணலாக. 2006 ஆடி மாதத்திலிருந்து ஐரோப்பாவில் புதுச் சாமான்களுக்கு ஈயம் இல்லாத பற்றாசுதான் என்று சட்டம் வந்தது. அதன் முகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் குமிழுக்குக் கீழே இருந்த இரண்டு கொன்ரோலும் புதிது. ஒன்றின் முதுகில் 1214 என்று நாலு இலக்கம். 2012 ஆம் ஆண்டு, பதினாலாவது கிழமை என்று எடுத்தேன். ஆக, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ இதைத் திருத்தியிருக்கிறார்கள். நல்லாகவும் திருத்தியிருக்கிறார்கள். மீற்றரை வைத்து இரண்டாவது ரான்சிஸ்ரரின் கலெக்ரரை அளந்தேன். நாலரை வோல்ட்டுக்குக் கிட்ட. இருக்கவேண்டியதே அவ்வளவுதான், பற்றரியின் பாதி. கொதிக்கிற தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மீண்டும் அளந்தேன். ஏழு. அலைக்கு ஒரு பக்கத்தில் இடமே இல்லை, அதுதான் அந்த இருமல்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜேர்மானியம் பெட்டிகளில் பற்றரியின் நேர்முனைதான் தரைக்குப் போகும், மற்றப் பெடல்களுக்குத் தலைகீழ். இதற்கு அடப்ரர் வயர் இழுத்து, மற்றவற்றோடு ஒரே வயரில் கோர்த்துவிட்டால் ஷோர்ட்தான். பற்றரியோடு விட்டுவிடுங்கள். மில்லி அம்பியர் கணக்கில் குடிக்கிற சாமான், மாதக்கணக்கில் ஓடும். கேபிளைக் கழற்ற மறக்காமல் இருந்தால்.

"தம்பி, இது பழைய பெட்டி, உண்மை. ஆனா தொடப்படாத சாமான் இல்லை. ஒரு ரான்சிஸ்ரரும் ரெண்டு கொன்ரோலும் மாத்தியிருக்கு. சேகரிக்கிறவன் பாத்தா அரைவாசி விலையும் தரமாட்டான். உன்ர கிற்றாருக்கு இது காணாது."

"நான் சேகரிக்கேல்லையே மாமா. வாசிக்கத்தானே கேக்கிறன்."

"வாசிக்கிறதெண்டா கிற்றார் வேணுமே. அதைக் குடுத்திட்டு எதில வாசிக்கப்போறாய்?"

"பிரண்டிட்ட ஒண்டு இருக்கு." கொஞ்சநேரம் பேசாமல் நின்றான். "நீங்க உள்ளுக்க பாத்தீங்கள். நான் கேட்டனான்."

எனக்குப் பதில் வரவில்லை. சற்றுமுன் ரோஜர் மேயர் திறந்து மாற்றினார் என்று பெருமையாகக் கதை சொன்னதும் நான்தான். அவர் மாற்றினால் சரித்திரம், பெயர் தெரியாத ஒரு திருத்தல்காரன் மாற்றினால் பழுதோ? அந்த எழுத்தில்லாத ரான்சிஸ்ரரைப் போட்டவனும் காது வைத்துத்தான் போட்டிருக்கிறான். அதுவும் சேர்ந்துதான் அந்தச் சத்தம்.

ஆனாலும் மாற்று என்று வந்தால் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். வெள்ளைக்காரர் கேட்டது தொடப்படாத சாமானின் விலையை நினைத்து. அதிலிருந்து பார்த்தால் அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவருக்கு விற்றவர் சொல்லவில்லை. நான் அவரைக் கள்ளன் என்று சொல்லமாட்டேன்.

நான் ஒரு வழி யோசித்தேன். என்னிடம் பொஸ் கொம்பனியின் டி.எம் 2 என்ற எதிரொலிப் பெடல் இருந்தது. 1981 இலிருந்து 1984 வரை யப்பானில் செய்தது. 2004 இல் ஒரு ஞாயிறு காலை, காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துப் பழஞ்சாமான் விற்கிற சந்தையில் பதினைந்து பவுணுக்கு வாங்கினேன். அதற்குள் மற்சுசிற்றா கொம்பனி செய்த எம்.என் 3005 என்ற சிப் இருக்கும். கிணற்றடியில் வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பதுபோல ஆயிரக்கணக்கான சின்னக் கொண்டென்சர்களுக்குள் சத்தத்தைக் கைமாற்றித் தாமதப்படுத்துகிற சிப். மற்சுசிற்றா அதை நிறுத்திக் கனகாலம். ஆகவே அந்தப் பதினைந்து பவுண் பெடலுக்கு இப்போது நல்ல மதிப்பு. அதையும் நூற்றைம்பது பவுண் காசையும் தருகிறேன், கிற்றாரை விடுங்கோ என்று அவரிடம் நேரே போய்ச் சொன்னேன். உள்ளே கண்டதையும் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. நன்றி சொன்னார். ஆனால் பெடலுக்குப் பெடல் வேண்டாம், தனக்குத் தேவை ஒரு கிற்றார் என்றார். அடுத்த மாதம் அதை வேறு யாரோ கொண்டுபோனதாக மருமகன் சொன்னான். என்ன கொடுத்து என்று நான் கேட்கவில்லை.

அவனாகத்தான் திருப்பிக் கொடுத்தான். நான் கொடு என்று சொல்லவில்லை, காணாது என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டு கிழமை கடைப்பக்கம் வரவில்லை. அக்கா ரெலிபோனில், "உன்ர கிற்றாரைக் காப்பாத்திப்போட்டாய், சந்தோசமோ" என்றா.

ஐப்பசியில் நான் பத்து ஏ.சி 128 வாங்கினேன். அந்த நாளில் கொக்குவில் கடையில் தகரப்பேணி நிறையக் கிடந்த சாமான், இப்போது ஒன்றொன்றாக எண்ணி விற்கிறார்கள். ஆரம்பகால ஃபஸ் ஃபேஸ் சிலவற்றுக்குள்ளும் இதே ஏ.சி 128 இருந்திருக்கிறது. திங்கட்கிழமை, கடை பூட்டு. அவனை வீட்டுக்கு வரச்சொல்லி, மேசையில் மீற்றரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தோம். பெருக்கமும் கசிவும். கையால் பிடித்தாலே ஊசி ஏறுவதைக் கண்டு அவனுக்கு ஆச்சரியம். எட்டைக் கழித்தோம். சிலது பெருக்கம் காணாது. சிலது முந்நூறு மைக்ரோ அம்பியருக்கு மேல் கசிந்தது. நல்ல இரண்டையும் வைத்துப் பதினொரு மணிக்குள் சுற்று முடிந்தது. கசகசாப்போல ஈயம் சிந்திய மேசைவிரிப்புக்கு வாங்கிய பேச்சைத் தவிரச் செலவு இருபது பவுணுக்குள். பெட்டி, ஒரு பிஸ்கற் ரின்.

வாசித்தான். நல்ல சத்தம். கணக்குப் பிசகாத சத்தம். குமிழைக் குறைத்தால் தெளிகிறது, கூட்டினால் பாடுகிறது.

"நல்லாயிருக்கு மாமா," என்றான். பிறகு, "ஆனா அது வேற."

போன மாதம் அவனுடைய அறைக்குப் போனபோது பிஸ்கற் ரின் திறந்து கிடந்தது. இரண்டாவது ரான்சிஸ்ரரைக் கழற்றி, அந்த இடத்தில் காலைக் குத்திக் கழற்றக்கூடிய ஒரு சொக்கற்றைப் பூட்டி, நான் கழித்து மிளகாய்த்தூள் போத்தலில் போட்டுவைத்த எட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டிருக்கிறான். ஆறாவதில் நிறுத்திவிட்டான். மீற்றரில் எல்லாவற்றையும்விடக் கூடக் கசிந்தது அதுதான். நான் முதலில் கழித்ததும் அதைத்தான்.

வாசித்துக் காட்டினான். நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கிற்றாரின் குமிழை ஏழுக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு, ஆவணி மாதத்தில் இதைக் கடைக் குசினிக்குக் கொண்டுவராதே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.